மாத்திரை எதுவும் இல்லை

இல்லை என்று சொன்னது தன் வாய்தானா என்று சண்முகக்கனிக்கே சந்தேகமாக இருந்தது. டாக்டரம்மா கேள்வியை முழுசாகக் கேட்டுக்கூட முடிக்கவில்லை. "வேற எதாவது மாத்திரை சாப்பிடுறாளா, பீரியட்ஸ் தள்ளிப் போறதுக்கு, அந்த மாதிரி..." என்று அவர் இழுக்கும்போதே இவள் வாய் முந்திக்கொண்டது. "மாத்திரை எதுவும் இல்ல டாக்டர். அவ தலைவலிக்கே மாத்திரை போட மாட்டா." தலைவலியை இங்கே யார் கேட்டார்கள்? இல்லை என்றதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய் சொல்கிறவளுக்கு ஒரு கரண்டி போதாது, பந்தியில் கையை மறித்தாலும் விடாமல் வைக்கிறவர்கள் மாதிரி மேலே மேலே வைத்துக்கொண்டே போக வேண்டும். இவளும் வைத்தாள். "முளைப்பாரிக்குக் கும்மியடிச்சா டாக்டர். ஒரு வாரமா சாயங்காலமானா அதே குதிதான். சுளுக்கியிருக்கும்." சொல்லச் சொல்ல அது அவளுக்கே உண்மைபோலத்தான் இருந்தது. கும்மியடித்தது உண்மை, குதித்தது உண்மை. டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே இந்துஜாவின் இடது கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், நாடாவைச் சுற்றி இரண்டு காலையும் அளந்தார், கொலுசைக் கழற்றச் சொன்னார். கொலுசு இருந்த இடத்தில் தோல் உள்வாங்கிச் சிவப்பாக ஒரு கோடு. கட்டிலில் படுத்திருந்த பெண் அப்போது அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு முகத்தைத் திருப்பிக் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பதினேழு வயசுப் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் எதிர்த்துப் பேசுகிறவள், அம்மா பொய் சொன்னபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவள் கனிதான். பிள்ளை சத்தியத்தைக் காப்பாற்றுகிறது. அதை நினைத்தபோது கனிக்குக் கழுத்திலிருந்து காதுவரை சூடேறியது.

கட்டிலின் கால்மாட்டில் தளவாய் நின்றுகொண்டிருந்தான். கனியின் புருஷன். மஞ்சளில் நனைத்த வேட்டி, வெறும் மேலில் ஒரு துண்டு, வலது மணிக்கட்டில் காப்பு. அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருக்கிறவன், நாளைக்குக் கோயில் கொடையில் சாமியாடப் போகிறவன், ஊர் எல்லையையே தாண்டக் கூடாது. காலையில் பிள்ளை தண்ணீர்க் குடத்தோடு நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் எல்லையாவது ஒன்றாவது என்று பைக்கை எடுத்துவிட்டான். "ஏட்டி, காலைக் காட்டு" என்று குனிந்து பார்த்தவன் முகம் போன போக்கைக் கனி பார்த்தாள். பைக்கில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் இவள் தொற்றிக்கொண்டு டவுனுக்கு வருகிற வழியெல்லாம் இவளுக்கு என்ன பயம் என்று கேட்டால், காலைப் பற்றிய பயம் இல்லை. டாக்டர் கேட்பார்களே என்ற பயம். பெற்ற பிள்ளையின் கால் பூசணிப்பிஞ்சு கணக்காக வீங்கிக் கிடக்கிறது, பெற்றவளுக்குக் கேள்வியை நினைத்துப் பயம். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா? இருக்கிறாளே, இந்தா, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாளே, கையில் கொலுசை வைத்துக்கொண்டு. அவர் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவர் காப்புக் கட்டியிருக்கிறார், அவர் காதில் போய்த் தீட்டு, தூரம் என்று எப்படிப் பேசுவது. ஆனால் காப்பு இல்லாத நாளில் மட்டும் பேசியிருக்கிறாளா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சு வீட்டில் வந்ததே இல்லை. மாதத்தில் மூன்று நாள் இவள் பூஜை அலமாரிப் பக்கம் போகாமல் இருப்பாள், அவன் தானே போய் விளக்கேற்றுவான், ஏன் என்று கேட்கமாட்டான், இவளும் சொல்லமாட்டாள். அந்த வாய்மூடலைத்தான் மரியாதை என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டித்தான் விளக்கினார். சர்க்கரை பார்க்கிற மிஷினைவிடக் கொஞ்சம் பெரிசு. "ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் கட்டியாயிருந்தா, அது கரையும்போது ஒரு துணுக்கு ரத்தத்துல மிதக்கும். டி-டைமர்னு பேரு. அது அதிகமா இருக்கா இல்லையான்னு இந்த மிஷின் சொல்லிடும். லேபுக்கு அனுப்பிக் காத்துக் கிடக்க வேண்டாம். நீங்க ஒரு காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வந்துடும்." தளவாய் கேட்டான், "கட்டி இருந்தா என்ன செய்யும் டாக்டர்?" "கால்லயே இருந்தா மருந்துல கரைச்சிடலாம். பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிட்டாத்தான் ஆபத்து. பயப்படாதீங்க, உங்க பொண்ணுக்கு அப்படி வர்றதுக்குக் காரணம் எதுவும் இல்லையே. வேற மாத்திரை இல்ல, ஆபரேஷன் இல்ல, படுத்த படுக்கையா இல்ல. சுளுக்குன்னுதான் தோணுது. சந்தேகம் கம்மியா இருக்கிறவங்களுக்கு இந்த டெஸ்ட் இல்லன்னு சொன்னா, இல்லன்னு நம்பி வீட்டுக்கு அனுப்பிடலாம்." சந்தேகம் கம்மியா இருக்கிறவங்களுக்கு. அந்த ஒரு சொல்லில் கனியின் மனசு சேலை முள்ளில் மாட்டியதுபோல மாட்டிக்கொண்டது. சந்தேகத்தைக் கம்மியாக்கியது யார்? பெட்டி பொய் சொல்லாது, அது ரத்தத்தைப் பார்த்துப் பேசும். ஆனால் அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது இவள் வாயைப் பொறுத்தது. சிஸ்டர் பிள்ளையின் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தபோது இந்துஜா "ஸ்" என்றாள். ஒரு சொட்டு ஒரு வெள்ளை அட்டைக்குள் போயிற்று, அட்டை பெட்டிக்குள் போயிற்று, பெட்டி ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது.

இனி என்ன, காத்திருக்க வேண்டியதுதான். காற்றாடி சுற்றியது. பக்கத்துத் தடுப்புத் துணிக்கு அந்தப்பக்கம் யாரோ ஒரு பெரியவருக்கு விக்கல், நிற்கவே இல்லை. விக்கலுக்கும் விக்கலுக்கும் நடுவில் யோசிக்க வேண்டியிருந்தது. மாத்திரை வாங்கியது இந்த ஊரில் இல்லை. இங்கே மெடிக்கல் கடைக்காரன் தளவாயோடு படித்தவன். அதனால் பஸ் ஏறி அடுத்த டவுனுக்குப் போய், கடையில் ஆள் குறைகிறவரை எதிரே வளையல் பார்க்கிற மாதிரி நின்று, பிறகு போய், "கோயிலுக்குப் போணும், தேதி தள்ளிப் போற மாத்திரை" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கா?" "ஆமா." அங்கேயும் ஒரு ஆமா. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். எத்தனை பேர் வாங்குகிறார்கள், கல்யாணம், காதுகுத்து, சபரிமலைக்கு மாலை போட்ட வீடு, எல்லாரும் விழுங்குகிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று? ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்வது தன் பிள்ளைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்றுதான் நினைத்தாள். முதல் கொடைத் தேதிக்கு முன்னால் கொடுக்க ஆரம்பித்தாள். காப்புக் கட்டுகிற அன்றைக்குப் பங்காளி வீட்டில் ஒரு சாவு. சாவுத் தீட்டு, பதினாறு கழியட்டும் என்று கொடையைத் தள்ளி வைத்தார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் உடனே வந்துவிடும், புதுத் தேதிக்குக் கணக்கு இடிக்கும் என்று தொடர்ந்து கொடுத்தாள். அடுத்த தேதிக்கு மைக்செட்டுக்காரன் கிடைக்கவில்லை, வில்லுப்பாட்டுக்காரர்கள் வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள், மறுபடியும் ஒரு செவ்வாய் தள்ளிற்று. ஊர் தள்ளித் தள்ளி வைக்க இவளும் பிள்ளையின் உடம்பைத் தள்ளித் தள்ளி வைத்தாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "எம்மா, வயிறு என்னமோ ஊதிப்போயிருக்கு, வாந்தி வருது" என்று பிள்ளை சொன்னபோது, "இன்னும் நாலு நாளைக்குப் பொறுத்துக்கோட்டி, முதல் முளைப்பாரி தூக்கப் போறவ இப்படியா சிணுங்குவா" என்றாள். அந்த நாலு நாள் எத்தனை நாலு நாளாயிற்று என்று அவள் எண்ணவில்லை. எண்ணினால் நிறுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் எண்ணவில்லை.

அது ஏன் அந்த முதல் முளைப்பாரிமேல் அவ்வளவு வெறி என்று யாராவது கேட்டால் கனி சொல்லமாட்டாள். கேட்கவும் ஆளில்லை. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த முதல் கொடையில் முளைப்பாரி தூக்க இவளைத்தான் சொல்லியிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது, அப்போது வந்தது. மாமியார் ஒன்றும் திட்டவில்லை. இவள் தலையில் வைக்க வேண்டிய பாரியை எடுத்து நாத்தனார் தலையில் வைத்தாள், அவ்வளவுதான். இவள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டிலில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள், குலவைச் சத்தம் தெருவில் போயிற்று, கனியை எங்கே காணும் என்று ஒருத்தி கேட்க இன்னொருத்தி சிரித்தது சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது. மேளம் அடித்தவனுக்குத் தெரிந்திருக்கும், பந்தல் போட்டவனுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சிரிப்பு என் பிள்ளைக்கு வரக் கூடாது. அதுதான், வேறொன்றுமில்லை. இருட்டு அறையில் முளைத்த பாரிப் பயிர் வாடினால் கன்னிப்பிள்ளைமேல்தான் பழி போடுவார்கள், அதுவும் வரக் கூடாது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. எழுந்த கையோடு இன்னொன்று அதன் வாயில் அடித்தது. நல்லதுக்கு என்றால் ஏன் டாக்டரிடம் இல்லை என்றாய்? முந்தாநாள் பிள்ளை காலைக் காட்டியபோது ஏன் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு, அப்பாட்ட சொல்லாத என்றாய்? தேய்த்தது வேறு தப்போ? கட்டி இருக்கிற காலைத் தேய்த்தால் நகருமோ? நகர்ந்து எங்கே போகும்? நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்றாரே டாக்டரம்மா. கனி பிள்ளையின் நெஞ்சையே பார்த்தாள். சுரிதார் ஏறி இறங்கியது. ஏறிற்று, இறங்கிற்று. கொஞ்சம் வேகமாக ஏறுகிறதோ? விக்கல் பெரியவர் விக்கினார்.

"ஏளா, பைக்கை நடுவழியில விட்டுட்டு வந்துட்டேன், வாட்ச்மேன் கத்துதான். ஓரமா விட்டுட்டு வந்துருதேன்" என்று தளவாய் வெளியே போனான். இதுதான் சமயம். அம்மனே வழி விட்டுவிட்டாள். கனி எழுந்தாள், மேஜைப் பக்கம் போனாள். டாக்டரம்மா போனில் யாரிடமோ மருந்துப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் நின்றாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை உள்ளே அடுக்கினாள். டாக்டர், நான் முன்னாடி சொன்னது. இல்லை. டாக்டர், ஒரு விஷயம், மறந்துட்டேன். மறந்துட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் இப்போது சோற்றையும் எதில் மறைப்பது என்று தேடுகிறாள். பக்கத்தில் சிஸ்டர் பஞ்சு எடுத்துக்கொண்டு நின்றாள், அவளுக்குச் சாதாரணமாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். வாசலில் இவர்கள் ஊர்ப்பக்கத்து முகம்போல ஒரு முகம் வேறு உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சொல்லுங்கம்மா?" கனி வாயைத் திறந்தாள். "இன்னும் எவ்வளவு நேரமாவும் டாக்டர்?" "இதோ, ஆயிடும்மா. உக்காருங்க." திரும்பி வந்து உட்கார்ந்தாள். இந்துஜா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எதற்குப் போனாள், எதைச் சொல்லாமல் திரும்பினாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. "எம்மா, ஒண்ணும் இருக்காதும்மா. நீ பயப்படாத" என்றாள், மெதுவாக. ஆறுதல் சொல்ல வேண்டியவளுக்கு ஆறுதல் சொல்கிறாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று சொல்வார்களே, கனிக்கு அப்படித்தான் இருந்தது. சிமெண்டுத் தரை கொஞ்சமும் அசையவில்லை.

பெட்டி கூவியது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார், சிரித்தார். அதற்குள் தளவாயும் வந்து சேர்ந்துவிட்டான். "நல்ல செய்திதான். டி-டைமர் கூடல. கட்டி இருக்க வாய்ப்பு இல்ல. வலிக்கு மருந்து எழுதித் தர்றேன், கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்." தளவாய் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான். "தாயே, நீ கண் தொறந்துட்ட" என்றான். கண் ஓரம் நனைந்திருந்தது, துண்டால் துடைத்துக்கொண்டான். கனிக்கும் உடம்பெல்லாம் இளகிற்று. இல்லையாம். பெட்டியே சொல்லிவிட்டது. அப்புறம் என்ன? சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அம்மன் பார்த்துக்கொண்டாள், பிள்ளை தப்பித்தாள், இவள் மானமும் தப்பித்தது, மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம். இந்துஜா எழுந்து உட்கார்ந்து காலைக் கீழே தொங்கவிட்டாள், வலியில் உதட்டைக் கடித்தாள், செருப்பைத் தேடினாள். எல்லாம் முடிந்தது. அப்போதுதான் டாக்டரம்மா மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "நீங்க கேட்டதுக்கெல்லாம் தெளிவா பதில் சொன்னீங்கம்மா. நிறையப் பேர் மறைப்பாங்க, அப்ப எங்களுக்குக் கஷ்டம். இந்த டெஸ்ட்டை இப்படி நம்பி அனுப்ப முடியாது."

சீட்டு கைக்கு வந்துவிட்டது. கனி அதை வாங்கினாள், மடித்தாள், இடுப்பில் செருகப் போனாள். பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தாள், அந்த இடது கால் தரையில் பட்டதும் முகம் சுருங்கிற்று. இளகின உடம்பு மறுபடியும் இறுகியது. இது சுளுக்கு இல்லை. பெற்றவளுக்குத் தெரியும் இது சுளுக்கு இல்லை. "டாக்டர்" என்றாள். "டாக்டர், அவ மாத்திரை சாப்பிட்டா."

"என்ன மாத்திரை?"

கனி தரையைப் பார்த்தாள். "தேதி தள்ளிப் போறதுக்கு. நாந்தான் குடுத்தேன்."

டாக்டரம்மா இவளைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார். "அம்மா சொல்றது உண்மையா?"

இந்துஜா அப்பாவைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தாள். "இல்ல மேடம்" என்றாள், கண்ணிமைக்காமல். "அம்மா பயந்துபோய் என்னமோ சொல்லுதாங்க. நான் மாத்திரை எதுவும் சாப்பிடல."

எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறாள். இவளுக்கு வாய் முந்திற்று, பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம்கூட இல்லை. தாயைக் காப்பாற்றுகிறேன் என்று தன் உயிரைத் தூக்கிக் கொடுக்கிறாள், அதுவும் தாய் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியத்தை வைத்து. கனிக்கு அது வெட்கமா, ஆத்திரமா, அழுகையா தெரியவில்லை, சத்தமாக வந்தது. "பொய் சொல்லுதா டாக்டர்! நான் சொல்லச் சொன்ன பொய்யைச் சொல்லுதா! தீட்டு வரக் கூடாதுன்னு ஒரு மாசத்துக்கு மேல குடுத்தேன், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, இன்னைக்குக் காலையிலயும் குடுத்தேன். சுளுக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, அவ எங்கயும் விழல, முந்தாநாள்லருந்தே வீங்கியிருக்கு, நாந்தான் மறைச்சேன்!" விக்கல் நின்றுவிட்டிருந்தது. வாசலில் இருந்த முகம் எட்டிப் பார்த்தது. சிஸ்டர் பஞ்சோடு நின்றாள். தீட்டு என்ற சொல், வீட்டுக்குள்ளேயே வாய்க்குள் சொல்கிற சொல், அத்தனை பேர் நடுவில் கிடந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையின் தோளைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தார். "நடக்கக் கூடாது. ஒரு அடிகூட வைக்கக் கூடாது. சிஸ்டர், வீல்சேர் கொண்டாங்க. கால் நரம்புக்கு ஸ்கேன், உடனே." பிறகு கனியிடம் திரும்பினார். "மிஷின் சொன்னது தப்புன்னு சொல்லலம்மா. ஆனா ஒரு மாசம் அந்த மாத்திரை, அடியில்லாம வீக்கம்னா, இதை மட்டும் நம்பி அனுப்ப மாட்டேன். ஸ்கேன்ல பாத்தாத்தான் தெரியும். இப்பவாவது சொன்னீங்க."

தளவாய் இவளைப் பார்த்தான். கனி அடியை எதிர்பார்த்தாள், வசவை எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் அடிபட்டவன்போல ஒரு திகைப்புத்தான் இருந்தது. "ஒரு மாசமா?" என்று மட்டும் கேட்டான். இவள் தலையாட்டினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா" என்றவன், எங்கே போய்ச் சொல்லியிருப்பாள் என்று தனக்கே தோன்றியதுபோல நிறுத்திக்கொண்டான். "ஸ்கேன் எங்கன எடுக்காங்க சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் வழி பார்க்கப் போனான்.

பிள்ளையை வண்டியில் உட்கார வைத்தார்கள். கனி பின்னால் நின்று தள்ளினாள். நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆட்கள். துப்பட்டாவை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டிருந்தாள் இந்துஜா. தோள் குலுங்கிற்று. வலிக்கிறதோ, மூச்சு முட்டுகிறதோ என்று கனி பதறிப்போய்க் குனிந்தாள். "என்ன மக்கா, நெஞ்சு வலிக்கா? மூச்சு விட முடியுதா? சொல்லு மக்கா."

"ஏம்மா அப்பா முன்னாடி சொன்ன?" துப்பட்டாவுக்குள்ளிருந்து குரல் உடைந்து வந்தது. "செத்தாலும் பரவால்லம்மா. இனி அப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

வெட்கப்பட வேண்டியவள் முகத்தைத் திறந்துகொண்டு வண்டியைத் தள்ளினாள். ஒரு தப்பும் செய்யாத பிள்ளை முன்னால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.